தேறுமா

போன வருடம் ஏப்ரலில்,
ஆப்பிள் லாரிகள் கடைசியாக ஜீவ்ஸ்டனை விட்டுப் போன பிறகு,
வறுத்த பார்லியைக் காய்ச்சி வடித்த சாற்றை
ஓர் இரவு முழுக்க
கொட்டகைக் கூரைமேல் வைத்தேன்.
பூச்சி விழாமலிருக்க மேலே ஒரு மெல்லிய துணி.

கடையில் ஈஸ்ட் பொட்டலம் ஏழு டாலர்.
காசுக்காக இல்லை.
டாஸ்மேனியாவின் இந்த மூலையில்
காற்றில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று
தெரிந்துகொள்ளத்தான்.

மூன்றாம் நாள் ஒரு குமிழ்.
பிறகு வாரக்கணக்கில் ஒன்றுமில்லை.
ஜூனில் படலம் கட்டியது,
பழைய பெயின்ட் டப்பாவைத் திறந்தாற்போல்
சுருக்கம் விழுந்த வெள்ளை.
முகர்ந்தால் நனைந்த நாய்.
"இது தேறாது மெர்ரின்" என்றான் டூகல்.

கொட்டிவிடத்தான் தூக்கினேன்.
அன்றைக்கென்று சாக்கடை அடைத்திருந்தது.
பிளம்பர் வர ஒன்பது நாள்.
ஒன்பதாம் நாள் நாய் போயிருந்தது;
அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது எதுவென்று
சொல்லத் தெரியவில்லை.
துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால்
மறுபடி தள்ளிவைத்தேன்.

இந்த ஜூலையில் மலையெல்லாம் பனி.
பன்னிரண்டு புட்டி. இரண்டு தாமாகவே வெடித்து
கொட்டகைச் சுவரில்
யாருக்கும் தெரியாத ஒரு நாட்டை வரைந்துவிட்டன.
மூன்றாவதைக் குளியல் துண்டில் சுற்றித் திறக்கிறேன்.

தக்கை தகரத்தில் அறைந்தது.
நுரை விரலைத் தாண்டி, மணிக்கட்டைத் தாண்டி
சட்டைக் கைக்குள் ஓடியது.
மிஞ்சியது முக்கால்.

கருப்பு என்றுதான் நினைத்திருந்தேன்.
பல்புக்கு நேரே பிடித்தால்
விளிம்பில் கொஞ்சம் செம்பு.

முதல் மிடறு, அடிப்பிடித்த ரொட்டி.
பின்னாலேயே புளிப்பு,
செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வருகிறது.
பிறகு துவர்ப்பு, நாக்கின் இரு ஓரத்தையும்
கிள்ளிப் பிடித்து விட மாட்டேன் என்கிறது.
விழுங்கியாயிற்று, முடிந்தது என்கிறபோது
அண்ணத்தில் குதிரைச் சேணத்தின் தோல்,
அப்புறம் இன்னும் ஏதோ ஒன்று.
எனக்குத் தெரிந்த ஏதோ.

டூகல் குடித்தான். மீசையைத் துடைத்தான்.
"மோசம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்."
மறுபடி குடித்தான்.

வாசலில் டார்ச் வெளிச்சம்.
தோரா பிளிம்செல், பக்கத்து வீடு.
வேலி தாண்டிய அவள் கிளையை நான் வெட்டியதிலிருந்து
இரண்டு வருடமாகப் பேச்சில்லை.
துப்பாக்கிச் சத்தம் என்று நினைத்தாளாம்.
என்ன சொல்வது?
ஒரு கிளாஸை நீட்டினேன்.

பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
பின்னிருக்கையில் குறும்பு செய்தது யாரென்று
கண்ணாடியிலேயே கண்டுபிடிக்கும் கண்.
நின்றபடியே குடித்தாள்.
"இது என் ஆப்ரிகாட்."
"பழமே போடவில்லை, தோரா."
"பழத்தை யார் சொன்னது? தோலைச் சொல்கிறேன்.
பறித்ததும் துடைக்காமல் கடித்தால்
உதட்டில் ஒட்டுமே, அது."

அதேதான்.
எனக்கு அது எப்படித் தெரியும் என்று
நல்லவேளை அவள் கேட்கவில்லை.
வேலிக்கு இந்தப் பக்கம் விழுந்ததில்
எத்தனை தின்றிருப்பேன்!

அவள் மரமாக இருக்கலாம். ஆப்பிள் கிடங்காக இருக்கலாம்.
சரியாகக் கழுவாத என் கையாகவும் இருக்கலாம்.
காற்றிடம் நான் ரசீது வாங்கவில்லை.

தெளிந்து மேலே நின்றது தேறல்.
புட்டியின் அடியில்
தேறாதது, ஒரு விரற்கடை, சேற்றின் நிறத்தில்.
"அதை எனக்குக் கொடு" என்றாள்.

காலி காபி பாட்டிலில் வழித்துக் கொடுத்தேன்.
"மூடியை இறுக்கிவிடாதே, மூச்சு விடணும்."
கோட்டுக்குள் வைத்து
சளி பிடித்துவிடுமோ என்பதுபோல் பொத்தானைப் போட்டு
பனியில் வேலியைச் சுற்றிக்கொண்டு போனாள்.

கிளையைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.
நானும்தான்.

இன்னும் ஒன்பது புட்டி.
கொட்டகையில் ஏதோ ஒன்று
மெல்ல முனகிக்கொண்டிருக்கிறது.